லாக்ஸ்டன் ஊரார் வயலைச் சுற்றும் நாள்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்னும் சிற்றூர் ஒன்று உளது. வேலியற்ற மூன்று பெருவயல்களையும், அவற்றை ஆளும் பழைய மன்றம் ஒன்றையும் அவ்வூரார் இன்றளவும் காத்து வருகின்றனர்.

மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்பன அவற்றின் பெயர்கள். ஒன்றில் கோதுமை, மற்றொன்றில் வசந்தகாலப் பயிர். மூன்றாவது தரிசாகவோ தீவனத்துக்கோ விடப்படும். இம்முறை ஆண்டுதோறும் சுழன்று வரும். குடியானவர்களின் நிலங்கள் நீண்ட பட்டைகளாக மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கின்றன. 1635ஆம் ஆண்டில் மார்க் பியர்ஸ் என்பார் அளந்து வரைந்த படத்தில் ஒவ்வொரு பட்டையையும் காணலாம். இடையே வரப்போ வேலியோ இல்லை. ஏர் இரண்டு சால் தள்ளிப் போனால் அண்டை வீட்டான் நிலமோ பொதுப்பாதையோ குறைந்துவிடும்.

இதனைத் தடுப்பது எவ்வாறு? நவம்பர் மாதக் கடைசியில் ஜூரிகள் கோதுமை வயலை நேரில் சுற்றி வருகின்றனர். எல்லைகளில் முளை அடிக்கின்றனர். பாதையையோ பொதுப் புல்தரையையோ உழுதிருப்பவர் பெயரைக் குறித்துக்கொள்கின்றனர். ஒரு வாரம் கழித்து மன்றம் கூடி அபராதம் விதிக்கிறது. தொகை அற்பமே. ஆனால் விதிப்பவர்கள் அயலார் அல்லர். அதே வயலில் உழுபவர்கள். அடுத்த ஆண்டு தம் பட்டையும் பிறர் கண்ணுக்குத் தப்பாது என்பதை அவர்கள் அறிவர். தொகையினும் அந்த நாணமே பெரிது என்பது நம் கருத்து.

கணக்குப் புத்தகம் பார்த்தே காலங்கழிக்கும் நாம் இதைப் படித்துச் சற்று வெட்கமுற்றோம். ஒரு சங்கத்தின் மகாசபையில் இருப்புச் சரக்கு சரியெனக் கைதூக்கியவர்களுள் ஒருவராவது கிடங்கினுள் நுழைந்ததில்லை என்பதைக் கண்டோம். ‘இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொள்வார்’ என்றனர். நூல் கட்டுகள் எலிக்கு இரையாகிக் கிடந்தன. இன்ஸ்பெக்டர் ஆண்டுக்குச் சில நாட்களே வருபவர். எலியோ நாள்தோறும் வருவது!

லாக்ஸ்டனை நாம் பொற்காலமாகப் புகழவில்லை. நிலம் குடியானவர்க்கு உரியதன்று. நெடுங்காலம் பிரபுக் குடும்பத்துக்கே உரியது. 1952ல் மான்வர்ஸ் பிரபு அதைச் சர்க்காரின் விவசாய இலாகாவுக்கு விற்றார். 1981ல் கிரவுன் எஸ்டேட் நிர்வாகத்துக்கும், 2020ல் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கும் அது கைமாறிற்று. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பார்லிமெண்டு ஆயிரக்கணக்கான சட்டங்களால் பிற ஊர்களின் திறந்த வயல்களை வேலியிட்டுப் பிரிக்கச் செய்தது. ஏழைகள் பலர் மேய்ச்சலிழந்தனர். அந்த வெள்ளத்தில் இவ்வூர் வயல்கள் முழுதும் அழியாது எஞ்சின. 1894ஆம் ஆண்டுச் சட்டம் கிராமங்களுக்குப் பாரிஷ் சபைகளைத் தந்தது. பொதுக்காரியங்களுக்கு அவை போதும். வயலின் எல்லையைக் காப்பது மட்டும் இங்கு அப்பழைய மன்றத்தின் கையிலேயே உள்ளது. தப்பி மேயும் மாடுகளைப் பவுண்டில் அடைக்கும் பின்டர் என்ற பதவிக்குக்கூட அம்மன்றத்தில் இடமுண்டு.

உடைமையாளர் மாறினும் ஜூரிகள் சுற்றி வருவது நிற்கவில்லை. அபராதம் விதித்து முடிந்ததும், மறு ஆண்டு கோதுமை விளையும் வயலுக்குரிய ஜூரிகளை அதே கூட்டத்திலேயே நியமித்துவிட்டுத்தான் ஊரார் எழுகின்றனர்.