லேக் மார்க்கெட்டிலிருந்து திருச்சிக்கு

உத்தியோகத்தை நாடி வந்து, தென் கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் ராஸ்பிகாரி அவென்யூவை ஒட்டிய தெருக்களில் தலைமுறைகளாக வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களில், குலதெய்வமும் பூர்வீக வீடும் பழைய தஞ்சை ஜில்லாவில் உள்ளவர்கள் பலர். அவர்களுக்குச் சொந்த ஊரின் வாசல் சென்னையன்று, திருச்சிராப்பள்ளியே.

கல்கத்தா விமான நிலையத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் இடையே ஆகாய மார்க்கத்தில் சுமார் 1,680 கிலோமீட்டர். கல்கத்தாவிலிருந்து சென்னை ஏறக்குறைய 1,385. சென்னையிலிருந்து திருச்சி 295. இரண்டையும் கூட்டினாலும் அதே தொகைதான் வருகிறது. சென்னை அநேகமாக அந்த நேர்க்கோட்டின் மேலேயே அமைந்திருப்பதால், நேரடி விமானம் இல்லாமல் அங்கே இறங்கி ஏறுவதில் தூரம் சிறிதும் கூடுவதில்லை, நஷ்டமெல்லாம் காலத்தில்தான். நேராகப் பறக்கும் ஜெட் விமானம் இரண்டே முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய இந்த வழி, சென்னையில் தரையிறங்கி, அடுத்த விமானத்துக்குக் காத்திருந்து, மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சிறிய ஏ.டி.ஆர். விமானத்தில் மறுபடி ஏறி இறங்குவதற்குள், வேளை பொருந்தாத நாட்களில் ஒரு பகலையே விழுங்கிவிடுகிறது.

இதன் சிரமம் வயோதிகர்களுக்கே அதிகம். பிள்ளைகள் வேறு நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட, லேக் மார்க்கெட்டில் தனித்திருக்கும் முதியவர்கள், முழங்கால் வலியோடு சக்கர நாற்காலிக்காகக் காத்திருந்து, பின்னர் ஏ.டி.ஆர். விமானத்தின் குறுகிய படிகளில் கைப்பிடியைப் பற்றி ஒவ்வோர் அடியாக ஏறுவதைப் பார்க்கிறவர்களுக்கு, கால அட்டவணையில் அச்சாகும் மணிக்கணக்கு எவ்வளவு அபூர்ணமானது என்பது பிரத்யட்சமாக விளங்கும்.

திருச்சியிலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிங்கப்பூருக்கு நேரடி விமானத்தில் நாலு மணி நேரத்தில் போய்விடலாம். அதில் பாதியைவிடச் சற்றே கூடுதலான தூரத்திலுள்ள கல்கத்தாவுக்கு அதைவிட அதிக நேரம் ஆவது நியாயமே அல்ல.

இரு முனைகளும் இப்போது சீராகிவிட்டன. திருச்சியின் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் முதல், காளிகாட் மெட்ரோவில் ஏறி நோவாபாடாவில் மாறினால் விமான நிலையத்துக்கே போய்விடலாம். குறை நடுவில்தான் இருக்கிறது. இருக்கைகள் நிரம்புமா என்று விமானக் கம்பெனிகள் யோசிப்பது இயல்பே. ஆனால் லேக் மார்க்கெட்வாசிகள் மட்டுமன்றி, ஸ்ரீரங்கமும் ராமேஸ்வரமும் தரிசிக்க வரும் வங்காளிகளும், தமிழ்நாட்டுத் தொழிற்கூடங்களுக்கு வேலைக்கு வரும் வங்கத் தொழிலாளர்களும் இந்த வழியின் பிரயாணிகளே. தினசரி சேவை வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஹவுரா–திருச்சி ரயில் வாரத்தில் இரண்டு நாள் ஓடுகிறது. அதே இரண்டு நாள் ஒரு நேரடி விமானத்தையும் விட்டுப் பார்க்கும்படி விமானக் கம்பெனிகளையும், அதற்கு ஆதரவு தரும்படி இரு மாநில அரசாங்கங்களையும் வேண்டிக்கொள்கிறேன்.