எண்பது சதுரம், ஒரு போர்வை



கூட்டுப் போர்வைக்குச் சென்ற இதழில் அழைப்பு விட்டிருந்தோம். இரண்டு நிற உல்லன் நூலில் ஆளுக்கு ஒரு சதுரம் பின்னி அனுப்ப வேண்டும். எட்டுக்குப் பத்து என்ற கணக்கில் எண்பது சதுரங்களை இணைத்தால் ஒரு பெரிய போர்வை கிடைக்கும். மலைப்பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றுக்கு அது போகிறது. இது முதல் போர்வைதான். கைகள் சேரச் சேர அடுத்ததையும் தொடங்கிவிடலாம். வந்து குவிந்த கடிதங்களைப் படிக்கப் படிக்க மனசு நிறைந்துபோனது. பெரும்பாலானவற்றில் ஒரே கேள்வி: "எனக்கு அவ்வளவாகப் பின்ன வராதே, நானும் சேரலாமா?"

தாராளமாகச் சேரலாம். உங்களை நினைத்துத்தான் இந்த வேலையையே தொடங்கினோம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். சதுரம் 20 செ.மீ.க்கு 20 செ.மீ. இருந்தாக வேண்டும்.

கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் இழுத்துத் தைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து செ.மீ.க்கு 24 கண்ணி வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20 செ.மீ.க்கு 48 கண்ணி. உங்கள் கை கொஞ்சம் தளர்வு, பத்து செ.மீ.க்கு 22 கண்ணிதான் விழுகிறது. இரண்டு கண்ணிதானே? ஆனால் அதே 48 கண்ணி உங்கள் ஊசியில் 21.8 செ.மீ. ஆகிவிடும். அப்படி எட்டுச் சதுரங்கள் ஒரு வரிசையில் சேர்ந்தால், அந்த வரிசை மட்டும் அடுத்த வரிசையைவிட 14 செ.மீ.க்கு மேல் நீண்டுவிடும். அதை இழுத்துப் பிடித்துத் தைத்தால் போர்வை சுருங்கிச் சுருங்கி அலையடிக்கும். ஆகவே முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். இரண்டு நிறத்தில் பின்னும்போது பலருக்குக் கை தானாக இறுகிவிடும். ஒரு நிறத்துக்குச் சரியாக இருந்த ஊசி இதற்குப் போதாமல் போகும். அப்போது கொஞ்சம் தடித்த ஊசிக்கு மாறுங்கள். துண்டை நனைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும். ஒரு சாயங்காலம் செலவாகும்தான். ஆனால் முழுச் சதுரத்தையும் பிரித்துப் போடும் வேதனை மிச்சமாகும்.

கூட்டுப் போர்வைக்கு நம் ஊரிலேயே ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. சுபாஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழு, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. அது ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷா வேலை, நம்முடையது இரட்டை ஊசிப் பின்னல். ஆனால் கூட்டு வேலையின் சூட்சுமம் இரண்டுக்கும் ஒன்றுதான். பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த பெண்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, 40 அங்குலச் சதுரம் என்ற ஒரே அளவில் துண்டுகளைச் செய்தார்கள். அளவு பொருந்தியதால்தான் எங்கெங்கோ பிறந்த துண்டுகள் ஒரு நாளில் ஒன்றாயின. பிறகு அவை பிரிக்கப்பட்டு, போர்வை தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்டன.

அந்தக் குழு முறியடித்த சாதனை தென் ஆப்பிரிக்காவுடையது. அந்தக் கதையையும் சொல்ல ஆசை. 2013 டிசம்பரில், நெல்சன் மண்டேலா மறைந்த அதே மாதத்தில், அவருக்கு நெடுங்காலம் செயலாளராக இருந்த ஜெல்டா லா கிராஞ்ச், கரோலின் ஸ்டெய்ன் என்பவரிடம் ஒரு சவால் வைத்தார். அடுத்த ஜூலை 18, மண்டேலா பிறந்த நாளுக்குள் 67 போர்வைகள் செய்ய முடியுமா? மண்டேலாவின் பொதுவாழ்வு 67 ஆண்டுகள். அதனால் அந்த எண். ஸ்டெய்ன் ஒப்புக்கொண்டுவிட்டார். தனி ஆளாக முடிகிற காரியமில்லை என்று புரிந்ததும் தெரிந்தவர்களிடமெல்லாம் உதவி கேட்டார். கேட்டது ஊரெல்லாம் பரவியது. சிறைக் கைதிகளும் கற்றுக்கொண்டு சேர்ந்தார்கள். 2015 ஏப்ரலில் பிரிட்டோரியாவின் யூனியன் கட்டட வளாகத்தில் அவர்கள் விரித்த போர்வை 3,000 சதுர மீட்டருக்கு மேல். சென்னைப் பெண்கள் அதை முந்த, அதே 2016-இல் தென் ஆப்பிரிக்கர்கள் மறுபடி முந்தினார்கள். போட்டியால் குளிரில் கிடந்தவர்களுக்குக் கூடுதலாகப் போர்வை கிடைத்தது, அது நல்லதுதான். ஆனால் என் மனசில் நிற்பது அந்தத் தொடக்கம். முடியாத ஒரு எண்ணுக்குச் சம்மதித்துவிட்டு, கூச்சப்படாமல் அடுத்தவரிடம் "நீயும் ஒன்று பின்னித் தா" என்று கேட்டாரே, அந்தக் கேள்வி இல்லாவிட்டால் எதுவுமே நடந்திருக்காது.

இனி நிறத்துக்கு வருவோம். ஒரே வரிசையில் இரண்டு நிற நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் முறைக்கு உலகமெங்கும் பேர் வாங்கிக் கொடுத்தது ஃபேர் ஐல். ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளுக்கும் ஷெட்லாந்து தீவுகளுக்கும் நடுவே கிடக்கும் மிகச் சிறிய தீவு. அங்கத்திய ஸ்வெட்டரைப் பார்த்தால் நிறங்கள் வாரி இறைத்தது போலிருக்கும். ஆனால் எந்த வரிசையை எடுத்தாலும் இரண்டு நிறத்துக்கு மேல் இராது. வரிசைக்கு வரிசை ஒன்றை மாற்றிக்கொண்டே போவதில்தான் அத்தனை ஜாலமும். 1920-களில் வேல்ஸ் இளவரசர் எட்வர்டு கோல்ஃப் மைதானத்துக்கு இதை அணிந்து வந்தார். உடனே பணக்காரர்களின் மோகமாகிவிட்டது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் ஷெட்லாந்து பெண்கள் பட்ட பாட்டைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. முதுகில் கூடை சுமந்து நடக்கும்போதும் அவர்கள் கை பின்னிக்கொண்டே இருக்கும். பின்னிக் கொடுத்ததற்குக் காசு கிடைக்காது. வாங்கிக்கொண்ட வியாபாரி தேயிலையோ துணியோ தருவார், கணக்கை அதில் கழித்துக்கொள்ள வேண்டும். இந்த அநியாயத்தை விசாரிக்க அரசு ஓர் ஆணையம் போட்டு, 1872-இல் அறிக்கையும் வந்தது. ஒரு கம்பளி உடையின் அழகைச் சொல்லும்போது அதைப் பின்னிய கையின் கூலியையும் சேர்த்துச் சொல்லாமல் என்னால் கடந்து போக முடியவில்லை.

இந்த இரு நிறப் பின்னலைக் கிட்டத்தில் பார்த்தால் ஓர் அதிசயம் தெரியும். எங்கள் அலுவலகத்தில் இரண்டு தோழிகள் ஒரே கட்டத்தாளைப் பார்த்து, ஒரே நூலில், ஒரே ஊசியில் சதுரம் பின்னினார்கள். அடர்நீலத் தரையில் வெள்ளை நட்சத்திரம். ஒன்றில் நட்சத்திரம் பளிச்சென்று மேலே எழுந்து நின்றது. மற்றதில் நீலம் அதை அழுத்திவிட்டது. எண்ணிப் பார்த்தோம், கண்ணி ஒன்றுகூடப் பிசகவில்லை. காரணம் நூலைப் பிடித்த விதம். பின்புறம் இரண்டு நூல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். அடியிலிருந்து வரும் நூலின் கண்ணி ஒரு பொட்டுப் பெரிதாக விழும், அந்த நிறம் எடுப்பாகத் தெரியும். ஒருவர் வெள்ளையை அடியில் பிடித்திருந்தார், மற்றவர் மேலே. பூவோ நட்சத்திரமோ எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் அந்த நிறத்தை அடியில் பிடியுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். ஆனால் எங்கள் இரண்டு சதுரங்களும் போர்வையில் சேரும். இரண்டுமே 20 செ.மீ. சரியாக இருக்கின்றன.

கூட்டு வேலைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருங்கிணைப்பவர், வந்த துண்டுகளில் சுமாரானதை ஓசைப்படாமல் ஒதுக்கிவிட்டு, தேர்ந்த கையிடம் கொடுத்து வேறு பின்னி வாங்கிவிடுவார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அளவு தவறிய சதுரம் அடுத்த சதுரத்தையும் கெடுக்கும். அது உங்களுக்கே திரும்பி வரும், சரிசெய்து அனுப்பலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்லித் தருகிறோம். ஆனால் கண்ணி ஏறி இறங்கியிருக்கிறது, ஒரு வரிசையில் நிறம் மாறி விழுந்திருக்கிறது என்பதற்காக யாருடைய சதுரமும் வெளியே போகாது. எண்பது பேர் பின்னினார்கள் என்று சொல்லிவிட்டு, இருபது பேர் கையை மறைத்துக் கொடுக்கும் போர்வை எனக்கு வேண்டாம்.

நேர்ப் பின்னல் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அமெரிக்கரான பார்பரா வாக்கர் 1970-களில் பரப்பிய 'மொசைக்' பின்னல். இதில் ஒரு நேரத்தில் ஒரே நூலைத்தான் கையில் எடுப்பீர்கள். இரண்டு வரிசை ஒரு நிறம், அடுத்த இரண்டு வரிசை மறுநிறம். இடையிடையே சில கண்ணிகளைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்குத் தள்ளிவிட்டால், கீழ் வரிசையின் நிறம் மேலே ஏறிக் கோலம் தானாக உருவாகும். எதிர்ப் பின்னலே தேவையில்லை. பின்புறம் நீண்ட நூலும் தொங்காது. விளக்கப் படம் உள்பக்கங்களில் இருக்கிறது.

கோலத்துக்கு நீலகிரித் தோடர்களின் பூவேலையை எடுத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, எதையும் வரைந்துகொள்ளாமல் இழைகளை எண்ணி எண்ணியே தோடர் பெண்கள் போடும் வேலை அது. எண்ணிப் போடும் அந்தக் கணக்கில் நமக்கும் உறவு உண்டு, ஆசை வருவது இயற்கை. ஆனால் 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கலை அவர்கள் பிழைப்பும்கூட. நகலெடுப்பதைவிட அவர்களிடமே விலை கொடுத்து வாங்குவோம். நம் வாசலில் தினமும் போடும் புள்ளிக் கோலம் கட்டத்தாளுக்கு அழகாகப் பொருந்தும், அதைப் போடுங்கள்.

நூல் வாங்குகிறவர்களுக்கு: சுற்றியிருக்கும் தாளில் லாட் நம்பர் இருக்கும், பார்த்து ஒரே லாட்டில் தேவையானதை மொத்தமாக வாங்கிவிடுங்கள். ஒரே நிறம் என்று சொல்லிக் கொடுத்தாலும் அடுத்த லாட் ஒரு சாயல் மாறியிருக்கும். அக்ரிலிக் நூல் என்றால் தண்ணீரில் நனைத்து அளவுக்கு இழுக்கப் பார்க்காதீர்கள், நிற்காது. ஊசியிலேயே அளவு வந்துவிட வேண்டும். மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகிவிடும். பின்புறம் ஐந்து கண்ணிக்கு மேல் நூல் சும்மா ஓடினால் நடுவில் ஒருமுறை மாட்டிவிடுங்கள். முழுப் போர்வைக்கும் அடியில் பருத்தித் துணி வைத்துத் தைக்கப் போகிறோம், ஆனாலும் வயதானவர்களின் கால்விரல் சிக்க இடமே இருக்கக் கூடாது.

சதுரத்தை முடித்ததும் நூலை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். மூன்று சாண் நீளம் தொங்கவிட்டே அனுப்புங்கள். பக்கத்துச் சதுரத்தோடு அந்த நூலை வைத்துத்தான் தைப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்