ஆறு வருடச் சம்பளம்

நேலப்பட்டுப் பறவைகளுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஓர் இடம் உண்டு. 1996 டிசம்பர் 11 அன்று குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தந்த தீர்ப்பு. சிலிகா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று சொன்ன கையோடு, ஆந்திராவில் சூளூர்பேட்டைக்கு வடக்கே இருக்கும் நேலப்பட்டு சரணாலயத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாக்களுக்கு அப்படி ஒரு சட்டக் காவல் கிடைத்தது. ஜனவரியில் சூளூர்பேட்டையில் நடக்கும் பூநாரைத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஆளுக்கு நூறு படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இந்தக் காவலை வாங்கித் தந்தவர் யார் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாங்கித் தந்தவர் பறவை ஆர்வலர் இல்லை. நாகப்பட்டினம் பக்கம் இயங்கிய பெரியவர், சர்வோதயத் தொண்டர் எஸ்.ஜெகந்நாதன். 1994ல் வழக்குப் போட்டபோது அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் 1968 கீழ்வெண்மணிக் கொலைகளுக்குப் பிறகு தஞ்சைப் பக்கம் போய், லாஃப்டி என்ற இயக்கம் கட்டி, நிலமில்லாத தலித் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே வயல்களைத் தேடி இறால் கம்பெனிகள் வந்தன. ஏக்கர் கணக்கில் வளைத்துப்போட்டு, வரப்பை உயர்த்தி, கடல் தண்ணீரை ஏற்றினார்கள். நடவு, களை, அறுப்பு என்று ஊரே வேலை பார்த்த நிலத்தில் இரண்டு காவல்காரர்கள் போதும் என்றாகிவிட்டது. உப்பு பக்கத்து வயலுக்கும் கிணற்றுக்கும் கசிந்தது. மீனவர்கள் கடலுக்குப் போகும் வழியில் வேலி வந்தது. ஜெகந்நாதன் உண்ணாவிரதம் இருந்தார். பெண்கள் மறியல் செய்தார்கள். அதற்கும் அசையாததால்தான் டெல்லிக்குப் போனது விஷயம்.

ஆக, சுற்றுச்சூழல் வழக்கு என்று இன்று பாடப்புத்தகங்களில் இருப்பது, தொடக்கத்தில் ஒரு கூலி வழக்கு. வேலை போனது, தண்ணீர் போனது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன பெண்களின் வழக்கு.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் வரும் ஓர் உத்தரவு. கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள், அதாவது உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் இடித்துவிட வேண்டும் என்றது நீதிமன்றம். நீரைக் கெடுத்தவர்கள் நஷ்டஈடு தர வேண்டும் என்றது. இதெல்லாம் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. அதோடு, மூடப்படும் பண்ணைகளில் ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீடு போக, ஆறு வருடச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும் என்றும் சொன்னது. கெடுதல் செய்யும் தொழிலை மூடு. அதில் வேலை பார்த்தவன் வயிற்றில் அடிக்காதே. நம் ஊரில் ஆலை மூடும் போராட்டம் நடக்கும்போதெல்லாம் ‘அப்ப அங்க வேலை செய்யறவங்க கதி?’ என்று கேட்டு வாயை அடைப்பார்களே, அந்தக் கேள்விக்கான பதில் 1996லேயே எழுதப்பட்டுவிட்டது.

எழுதப்பட்டதோடு சரி. இடிக்கும் உத்தரவு மறுசீராய்வு மனுக்களில் சிக்கி நின்றது. 2005ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, 1991 பிப்ரவரியிலிருந்தே அந்தக் கடலோர ஒழுங்குமுறைத் தடை இறால் பண்ணைக்குப் பொருந்தாது என்று பின்தேதியிட்டுத் திருத்தியது. 500 மீட்டர் 200 ஆனது. முன்பே இருந்த பண்ணைகளுக்கு அதிலும் விலக்கு. 2023ல் வந்த திருத்தம், விதி மீறினால் சிறை என்றிருந்ததை அபராதமாக்கிவிட்டது. ஜெகந்நாதன் 2013ல் காலமானார். கிருஷ்ணம்மாளுக்கு 2020ல் பத்ம பூஷண் கொடுத்தார்கள். விருது கொடுப்பதில் நம் அரசுகள் ஒருபோதும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

இதற்கிடையில் ஆந்திராவின் நெல்லூர்க் கரையில் இறால் தொழிலும் பலமுறை விழுந்து எழுந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து வரி இறாலைக் குளம் குளமாகக் கொன்றது. 2009க்குப் பிறகு வெளிநாட்டு வன்னாமி இறாலுக்கு அனுமதி கிடைத்ததும் மறுபடி குளம் வெட்டினார்கள். இன்று இந்தியாவிலிருந்து கப்பலேறும் இறாலில் ஆந்திராவின் பங்குதான் பெரியது.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா வழியாக சூளூர்பேட்டைக்குப் போகும் ரயிலில் பாதிப் பெட்டி இந்தி பேசுகிறது, ஒடியா பேசுகிறது. ஸ்ரீசிட்டிக்குப் போகிறவர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், குளத்துக்குப் போகிறவர்கள். அந்தக் கடைசி வகையில் ஒரு பையனைப் பழவேற்காடு ஏரிப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் சந்தித்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். குளத்துக் கரையில் தகரக் கொட்டகை. அதற்குள் தீவன மூட்டையும் அவன் பாயும். இரவில்தான் அவனுக்கு வேலை அதிகம். பொழுது சாய்ந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஏரேட்டர் நிற்காமல் சுற்ற வேண்டும். கரண்ட் போனால் நிமிடக் கணக்கில் டீசல் ஜெனரேட்டரைக் கிளப்பியாக வேண்டும், இல்லாவிட்டால் காலையில் மொத்தக் குளமும் செத்து மிதக்கும். அதனால் அவன் தூங்குவது ஏரேட்டர் சத்தம் காதில் விழும் வரைக்கும்தான். சத்தம் நின்றால் எழுந்துவிடுவான்.

“குடிக்கத் தண்ணி?” என்று கேட்டேன். முதலாளியின் ஆள் பைக்கில் கேன் கொண்டுவருவார், ஒருநாள் விட்டு ஒருநாள். குளிக்க போர் தண்ணீர். கையை நீட்டிக் காட்டினான்; முழங்கை வரை சொறிந்த தடம். மேஸ்திரியிடம் வாங்கிய அட்வான்ஸ் கழியும் வரை ஊருக்குப் போக முடியாது. கழிந்துவிட்டால் அடுத்த வளர்ப்புக்கு வேறு பண்ணை. ஒரே குளத்தில் ஒரு வருடம் தொடர்ந்து இருந்ததே இல்லை. உச்ச நீதிமன்றத்தின் அந்த ஆறு வருடச் சம்பளம் இன்று உயிரோடு இருந்தால்கூட இவனுக்குச் சேராது.

வேறு சட்டம்? 1979ல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒடிசாவின் ‘தாதன்’ தொழிலாளர்கள், அதாவது அட்வான்ஸ் கொடுத்து வெளியூர் கூட்டிப்போகப்பட்டவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துப் போட்ட சட்டம். ஐந்து பேராவது இருந்தால்தான் அது செல்லுபடியானது. 2020ல் நிறைவேறிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் ஐந்தைப் பத்தாக்கி, பழைய சட்டத்திலிருந்த இடப்பெயர்வுப் படியையும் கைவிட்டது. கரைக்கு ஒருவர் இருவர் என்று கிடப்பவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

வழியில் டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தேன். கடைக்காரர் தமிழ், மருமகள் தெலுங்கு. ஏரித் தண்ணீர் கெட்டதைப் பற்றி அரை மணி நேரம் விவரமாகப் பேசினார். முகத்துவாரம் தூர்ந்தது, மீன்பாடு குறைந்தது, போரில் உப்பு ஏறியது, மனு கொடுத்தது எல்லாம். குளத்துப் பையன்களைப் பற்றிக் கேட்டதும், “அவங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க சார். அவங்களுக்கு எதுக்கு ஊர் விவகாரம்?” என்றார். நல்ல மனிதர், மனுவில் கையெழுத்துப் போட்டவர். எனக்கு அந்த மனுவைப் பற்றித்தான் கவலை.

இந்தக் கரையில் யார் ஊர்க்காரர் என்பதே லேசான கேள்வி இல்லை. பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் தலைமுறைகளாக இருந்த யானாதிப் பழங்குடியினர், எழுபதை ஒட்டி ராக்கெட் தளத்துக்காக இடம் மாற்றப்பட்டார்கள். தமிழரைக் கேட்டால் இன்னும் சிக்கல். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி ரயில் ரயிலாக ஆட்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். வதந்தி பொய்தான். ஆனால் ‘வடக்கன்’ என்று நாம் சொல்லும் தொனி பொய்யில்லை. பக்கத்துத் திருப்பதி வட்டாரத்தில், சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றதே, அவர்கள் தமிழ்நாட்டின் மலைக் கிராமங்களிலிருந்து மேஸ்திரி கூட்டிப்போன கூலிகள். காட்டைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். அன்று ஆந்திராவில் வெளியூர்க்காரனாக இருந்தது நம் ஆள்.

சிகாகோவிலிருந்து இயங்கும் கார்ப்பரேட் அக்கவுன்டபிலிட்டி லேப் என்ற அமைப்பு 2024ல் இந்திய இறால் தொழிலைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பண்ணையில் கடன் கொத்தடிமை, இறால் உரிக்கும் கொட்டகையில் குறைந்த கூலி, கெட்ட தண்ணீர், அழிந்த சதுப்பு, எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் வைத்தார்கள். நாகைப் பெண்கள் முப்பது வருடம் முன்பே சொன்ன அதே வரிசை. உள்ளூரில் நாம்தான் இரண்டாகப் பிரித்துவிட்டோம்: ஏரிக்கு ஒரு குழு, கூலிக்கு ஒரு சங்கம். சங்கமும் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும்.

கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் சபை. அரசியல் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. குளத்துக் கரையில் படுக்கிறவனின் ஓட்டு ஒடிசாவின் பாலசோரிலோ கஞ்சத்திலோ இருக்கிறது. சபையில் அவன் பேச முடியாது. ஆனால் மாவட்ட ஆட்சியரிடம் போகும் மனுவுக்கு வாக்காளர் அட்டை தேவையில்லை. ஒடியாவில் கையெழுத்துப் போட்டாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். டீக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். போர் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப அவர்கள் ஏற்கெனவே பாட்டில்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள். “கொட்டகைத் தண்ணியிலயும் ஒரு பாட்டில் எடுங்கண்ணா” என்றேன். “முதலாளி உள்ள விடமாட்டாரே” என்றார். “அந்தப் பையனே புடிச்சுக் குடுப்பான், கேட்டுப் பாருங்க.” யோசித்துவிட்டு, அவனுக்கு என்ன பாஷை தெரியும் என்று கேட்டார்.