ரிச்சி தெருவும் பசை போட்ட பேட்டரியும்

மயிலாப்பூரிலிருந்து மேல்படிப்புக்கு வெளிநாடு போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே லேப்டாப் கெட்டால், ரிப்பேர் கூலியைக் கேட்டதுமே புதுசு வாங்குவது மேல் என்று தோன்றிவிடும். அதனால் செத்த லேப்டாப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டு லீவுக்கு வருகிறார்கள், மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெருவை நம்பி. உடனே "பார்த்தியா, நம்ம ஊரு மெக்கானிக்கை!" என்று நம்மவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்கள்.

பெருமையெல்லாம் சரி, இன்னும் எத்தனை நாளைக்கு? முன்பெல்லாம் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் ரேமை மாற்றிவிடலாம். இப்போது பல மாடல்களில் ரேம் மதர்போர்டோடு சால்டர் ஆகியே வருகிறது. பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். சர்க்யூட் வரைபடத்தையும் அசல் பாகத்தையும் பல கம்பெனிகள் வெளிக்கடைக்காரருக்குத் தருவதில்லை. கைத்திறமை மட்டும் இருந்து என்ன புண்ணியம்?

பிரான்ஸில் 2021 முதல், ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று 10க்கு மதிப்பெண் போட்டுத்தான் லேப்டாப் விற்க வேண்டும். இங்கே 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரிப்பேர் உரிமை'க்கு ஓர் இணையதளம் திறந்தது. நல்லதுதான். ஆனால் இணையதளம் சட்டமாகிவிடாது.

ரிச்சி தெருவைப் புகழ்ந்தது போதும். பாகத்தையும் வரைபடத்தையும் கொடு என்று இப்போதே கேட்காவிட்டால், நாளைக்கு அங்கேயும் அதே பதில்தான்: "புதுசு வாங்கிக்கோங்க சார்."