பம்ளிமாஸ் சந்திரன்

வாஷிங்டன் நகரத்து விமான, விண்வெளிக் காட்சிசாலையிலே அடிபட்ட அலுமினியப் பந்து ஒன்று இருக்கிறது. பம்ளிமாஸ் பழ அளவுதான். சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் கோணிப் போயிருக்கின்றன. 1957 டிசம்பர் 6-ஆம் தேதி, அமெரிக்கா தன் முதல் செயற்கைச் சந்திரனை ஏவப் போவதை உலகமே பார்த்துக் கொண்டிருந்தது. ராக்கெட் நாலடி எழும்பியது. அப்படியே உட்கார்ந்து தீப்பற்றிக் கொண்டது! உச்சியிலிருந்த பந்து தூரப் போய் விழுந்தது. பாவம், வானத்தில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு அங்கிருந்து வானொலி அலைகளை அனுப்பிக் கொண்டிருந்தது.

அதன் தங்கைதான் வான்கார்டு-1. 1958 மார்ச் 17-ல் பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்தாள். குறுக்களவு 16.5 சென்டிமீட்டர், எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ரஷ்யத் தலைவர் குருஷ்சேவ் பழத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தாரே, அது இவளைத்தான். ஆனால் அவர்களுடைய முதல் ஸ்புட்னிக் 1958 ஜனவரியிலேயே எரிந்து சாம்பலாகி விட்டது. அமெரிக்காவின் எக்ஸ்ப்ளோரர்-1 கூட 1970-ல் விழுந்து விட்டது. இன்று வானத்தில் சுற்றுகிறவற்றுள் மனிதர் ஏவிய மிகப் பழைய பொருள் இந்தப் பம்ளிமாஸ்தான்.

சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுத்த முதல் செயற்கைச் சந்திரனும் இவளே. 1964 வரை பேசினாள். இவள் போகும் பாதையை அளந்துதான், பூமி சரியான உருண்டை அல்ல, லேசாகப் பேரிக்காய்ச் சாயல் உண்டு என்று கண்டுபிடித்தார்கள்.

இப்போது இவளைக் கீழே கொண்டுவந்து விடலாமே என்று 2025-ல் அமெரிக்கப் பொறியாளர்கள் சிலர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருஷ வெயிலும் விண்தூசியும் அந்த உலோகத்தை என்ன செய்திருக்கின்றன என்று பரிசோதிக்கலாம். பிறகு காட்சிசாலையில் வைக்கலாம். நியாயமான ஆசைதான். ஆனாலும் எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை. விழுந்த அக்காதான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாளே! தங்கையின் பெருமையெல்லாம் அவள் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதில் அல்லவா இருக்கிறது? பிடிக்கப் போய்க் கை தவறினால் அதுவும் போச்சு.

விண்வெளிப் பழம்பொருள்களை ஆராயும் ஆஸ்திரேலியப் பெண்மணி ஆலிஸ் கோர்மன், செயலற்றுச் சுற்றுபவை எல்லாமே குப்பையல்ல என்று வெகுகாலமாக வாதாடி வருகிறார். பரண் ஒழிக்கிற நாளில் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியும் பழைய பாத்திரக்காரனிடம் போய்விடுவதுண்டு. மேலேயும் பரண் நிறைந்துவிட்டது. கணக்கில் உள்ள துண்டு துணுக்குகளே 30,000-க்கு மேல். அவற்றை அப்புறப்படுத்தத்தான் வேண்டும். எதைத் தொடக்கூடாது என்று யார் சொல்வது?

உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான 1972 உடன்படிக்கையில் ஒரு தேசம் தன் எல்லைக்குள் இருப்பதைத்தான் சேர்க்கச் சொல்லலாம். வானமோ 1967 ஒப்பந்தப்படி எந்தத் தேசத்துக்கும் சொந்தமில்லை. ஏவிய பொருள் மட்டும் ஏவியவர்களுடையது. ஆகவே வான்கார்டைத் தொடுவதும் விடுவதும் அமெரிக்கா வைத்ததே சட்டம். நிலாவில் ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்த இடத்தைப் பாதுகாக்க 2020-ல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. பூமியைச் சுற்றும் இவளுக்கு அதில் இடமில்லை.

முதலில் இரண்டாயிரம் வருஷம் சுற்றுவாள் என்றார்கள். சூரிய ஒளியின் அழுத்தத்தையும் காற்றின் உராய்வையும் சேர்த்துக் கணக்கிட்டு, பிறகு ஏவிய நாளிலிருந்து சுமார் 240 வருஷம் என்று குறைத்தார்கள். அதுவரை இரண்டேகால் மணிக்கு ஒரு சுற்றாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருப்பாள்.