பச்சையின் பாசாங்கு

பெங்களூருக்குக் கூரியரில் வந்து சேரும் போன்சாய் ஜூனிப்பர், பெட்டியைத் திறக்கும்போது பளிச்சென்று பச்சையாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரமும் பச்சைதான். அதற்குள் அது செத்துப்போயிருக்கவும் கூடும்.

கீரை வாடினால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஊசியிலை மரங்கள் அப்படியல்ல. சின்ன இலை, மேலே மெழுகுப் பூச்சு, ஈரம் லேசில் வெளியேறாது. வேர் அழுகிய பிறகும் கிளைகள் வாரக்கணக்கில் நிறம் மாறாமல் நிற்கும். பழுப்பேறித் தொட்டால் உதிரும் கட்டத்தில் வைத்தியத்துக்கு வேலையில்லை. வாங்கியவர் நர்சரிக்காரரைத் திட்டுவார். ஆனால் பல சமயம் கொலை நடந்தது வீட்டில்தான், அதுவும் அன்பால்.

நாள் கணக்கில் இருட்டுப் பெட்டி, லாரிச் சூடு, குலுக்கலில் அறுந்த வேர்கள். வெளிநாட்டு மரமென்றால் இன்னும் மோசம். மண்ணோடு செடிகளைக் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவர இறக்குமதி உத்தரவு இடம் தருவதில்லை. வேரைக் கழுவும்போது மயிரிழை வேர்களும், அவற்றோடு கூடி வாழும் பூஞ்சைகளும் போய்விடுகின்றன.

இப்படி வந்த நோயாளியை உடனே அழகான தொட்டிக்கு மாற்றுகிறார்கள். உரம் வைக்கிறார்கள். ஆசைக்குக் கிளையும் வெட்டுகிறார்கள். புது வேருக்கான உணவைத் தயாரிப்பதே அந்த இலைகள்தான். காயம்பட்ட வேருக்கு உரம் எரிச்சல். பிறகு மரம் டிவிக்குப் பக்கத்தில் குடியேறுகிறது. ஜூனிப்பர் வீட்டுக்குள் வாழும் ஜாதி அல்ல.

தண்ணீர்தான் பெரிய வில்லன். அடிபட்ட வேர் குறைவாகத்தான் குடிக்கும். தொட்டி காய நாளாகும். தினமும் ஊற்றினால் வேர் மூச்சுமுட்டி அழுகும். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். இலைகளுக்கு மட்டும் அவ்வப்போது தண்ணீர் தெளிக்கலாம். காற்று அடிக்காத, வெளிச்சமான நிழல். சில வாரங்கள் கழித்துக் காலை வெயில்.

சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரின் மிதமான குளிர் இந்த மரங்களுக்கு இதம். மார்ச், ஏப்ரலின் வறண்ட வெயில்தான் ஆகாது. மரத்தை வரவழைக்க டிசம்பர் உத்தமம். மழைக்காலத்தில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்த வேண்டும். உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரைவிடப் பிடித்துவைத்த மழைநீர் மேல். வெள்ளைக் காகிதத்தின் மேல் கிளையைத் தட்டினால் நகரும் புள்ளிகள் விழுகின்றனவா? சிலந்திப்பேன். நலிந்த மரத்தைத் தேடி வரும் முதல் விருந்தாளி அதுதான்.

1975இல் ஜப்பான் அமெரிக்காவுக்கு 53 போன்சாய்களை அன்பளிப்பாக அனுப்பியது. மேரிலாந்தில் பூச்சி, நோய் சோதனைக்காக ஓராண்டு தனியே வைத்த பிறகுதான் அவை 1976இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. அவற்றில் ஒன்று 1625இலிருந்து வளர்க்கப்பட்ட வெள்ளைப் பைன். 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்தும் தப்பியது. வாஷிங்டனில் பிழைத்து நிலைத்தது.

பெங்களூர் மொட்டைமாடிக்காரருக்கு ஓராண்டு காத்திருப்பது கசக்கத்தான் செய்யும். சந்தேகம் தாளாவிட்டால் சின்னக் கிளை ஒன்றில் நகத்தால் லேசாகச் சுரண்டலாம்: உள்ளே ஈரப்பச்சை என்றால் அந்தக் கிளைக்கு உயிர் உண்டு. நம்பத்தக்க அடையாளம் நுனியில் வெளிர்பச்சையாய்ப் புதுத்துளிர். சில ஜூனிப்பர்கள் முள்போன்ற இளம்பருவ இலைகளை விடும். அதைப் பார்த்துப் பதறிக் கத்தரிக்கோலைத் தேட வேண்டாம். துளிர் நன்றாகப் பிடித்த பிறகு உரம், அதுவும் பாதி அளவு. தொட்டி மாற்றுவது அடுத்த ஆண்டு.