குறிஞ்சிக்கு வழி கேட்ட மணமக்கள்

கச்சான் காற்றுக் கரைமணலை வாரியிறைத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், முன்னர் என்னிடம் தமிழ் பயின்று இப்பொழுது கணித ஆசிரியராக விளங்கும் இளைஞர் ஒருவர் திருமண அழைப்பிதழுடன் என் இல்லத்துக்கு வந்தார். மணமகளாகப் போகும் பெண்ணும் தன் தமையனுடன் உடன் வந்திருந்தாள். திருமணம் ஆவணியிலே. அழைப்பிதழைத் தந்து, மோர் அருந்தி, சற்றே தயங்கிய பின்னர் அவர் கேட்டார்: "ஐயா, கலியாணம் முடிந்த கையோடு நாலைந்து நாள் குளிரான இடமொன்றுக்குப் போய் இருந்துவிட்டு வர எண்ணுகிறோம். நுவரெலியாவுக்குப் போகலாமா, கடல் கடந்து ஊட்டிக்குப் போகலாமா? அம்மாவோ மலைப் பக்கமே தலைவைக்க வேண்டாம் என்கிறா."

இலக்கணம் கற்பித்தவனிடம் கேட்கும் வினாவா இது என்று முதலில் நகைத்தேன். ஆயினும் அவர்கள் விடைபெற்றுச் சென்ற பின்னரும் அவ்வினா என்னை விட்டகலவில்லை. இந்நாட்டின் மழையும் மண்சரிவும், கூலியும் குடிப்பெயர்வும் அச்சிறு வினாவுக்குள்ளே ஒடுங்கிக் கிடந்தன. அவர்களிடம் அன்று சொன்னவற்றையும், சொல்ல மறந்தவற்றையும் ஈண்டு எழுதுகின்றேன்.

தேனிலவு என்னும் சொல் ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தெடுத்தது. இன்று அது நம் சொல்லாகிவிட்டது. அதனோடு எனக்கு வழக்கில்லை. நம் பெரியோர் காலத்தில் மணமான தம்பதிகள் நாலாம் சடங்கு முடித்து, உறவினர் வீடுதோறும் விருந்துண்டு, உண்ட களைப்பிலேயே இல்லறத்தைத் தொடங்கினர். இருவர் தனித்துச் செல்லும் பயணத்தைப் பழைய இலக்கியத்திலே தேடுவோமாயின், நமக்குக் கிடைப்பது உடன்போக்கு ஒன்றே. அதுவோ பாலை வழி. நிழலற்றது, நீரற்றது, ஆறலைப்போர் அச்சம் உடையது. குளிர் தேடிப் போனவர் அங்கே எவருமிலர்.

ஆனால் தொல்காப்பியர் வகுத்த திணைமரபு இவ்விளைஞரின் ஆசைக்கு முற்றிலும் துணைநிற்கின்றது. புணர்தலுக்கு நிலம் குறிஞ்சி. நெய்தலாகிய கடற்கரைக்கு உரியது இரங்கல். திருகோணமலைத் துறைமுகத்தார் நாம் நெய்தல் மாக்கள். போதாக்குறைக்கு நம்மூரில் ஊறும் புகழ்பெற்ற ஊற்றும் கன்னியா வெந்நீரூற்றேயாம்! இங்குள்ள புதுமணமக்கள் மலையை நோக்கி ஏங்குவதில் வியப்பில்லை.

எனினும் இடத்தைச் சொன்ன தொல்காப்பியர் காலத்தையும் சொன்னார். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். அதாவது ஐப்பசி முதல் தை வரை. இங்கேதான் நூலறிவோடு நின்றுவிடலாகாது என்று மணமகனிடம் சொன்னேன். ஈழத்து மலைகளில் ஐப்பசியும் கார்த்திகையும் மண் இளகும் மாதங்கள். 2014 ஒக்ரோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே லயன் வரிசைகள் மண்ணுள் மூழ்கியது ஐப்பசியில். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நாடு முழுவதும் 600 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டதும், கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகளைச் சரித்ததும் கார்த்திகையில். அதே புயலால் நம் மாவட்டத்திலும் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து ஊர்கள் வெள்ளத்துள் ஆழ்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. மலையிலே பெய்தது மகாவலி வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது.

நூல் சொல்லும் காலம் ஒவ்வாதாயின் வேறெதைக் கொண்டு காலம் கணிப்பது? தேயிலையைக் கொண்டு கணிக்கலாம் என்பது என் கருத்து. மழையும் முகிலும் மிகுந்த மாதங்களில் கொழுந்து விரைந்து வளரும், மணம் குறையும். வறண்ட காற்றும் இரவுக் குளிரும் சேர்ந்த நாள்களில் கொழுந்து மெல்ல வளரும், மணம் கூடும். நுவரெலியா, திம்புள்ளைப் பகுதிகளின் உயர்தரத் தேயிலைக் காலம் தை முதல் பங்குனி வரை. ஊவா மலைச்சரிவுகளுக்கோ அக்காலம் ஆடி முதல் புரட்டாசி வரை. வைகாசிக் கடைசியில் எழும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைக் கடந்து கிழக்கே வறண்டு இறங்குகின்றது. நம் கரையிலே புழுதியை எழுப்பி உடலைச் சுடும் கச்சானும் அதே காற்றே. நம்மை வாட்டுவது அங்கே தேயிலைக்கு மணம் ஊட்டுகின்றது!

இதனால் திருமண மாதத்துக்கேற்ப இடம் மாறும். தையில் மணம் முடிப்போர், மாதக் கடைசியில் வானம் வெளுத்த பின் நுவரெலியாவுக்குச் செல்லலாம். ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூரின் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகையளவினது; நம்மூரிலோ அது 28 பாகை. அக்கலை மலர்த்தோட்டத்தையும் ஹோட்டன் சமவெளியையும் பனி விலகிய வெயிலிற் காணலாம். சமவெளியில் 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பள்ளத்தைக் காண்பதற்குக் காலையிலேயே சென்றுவிடல் வேண்டும். பின்னர் மூடுபனி ஏறிவிடும். சித்திரைப் புத்தாண்டை அடுத்த 'வசந்த காலம்' எனப்படும் கொண்டாட்ட நாள்களில் மட்டும் அங்கே போக வேண்டா. அப்பொழுது கிறகரி வாவிக்கரையிற் குதிரையையும் வாகனத்தையும் சனத்திரளையும் காணலாமேயன்றி அமைதியைக் காணல் அரிது.

ஆவணியில் மணம் முடிப்போர்க்கு நுவரெலியா உகந்ததன்று. மேல்மலையில் அப்பொழுது மப்பும் தூறலும் இருக்கும். அவர்கள் ஊவாப் பக்கமாக, பண்டாரவளைக்கோ அப்புத்தளைக்கோ செல்லல் நன்று. குளிர் சற்றுக் குறைவேயெனினும் கடற்கரைவாசிக்கு அது போதும். போர்வை தேவைப்படும், பல் கிட்டாது. அப்புத்தளையில் மலைமுகட்டில் நின்றால் தெற்கே தாழ்நிலம் கடல்போல் விரிந்து கிடக்கும். 1890 இல் தோமஸ் லிப்ரன் என்னும் வணிகர் வாங்கிய தம்பேத்தென்னைத் தோட்டம் அவ்வூரை அடுத்துள்ளது. எல்ல என்னும் ஊருக்குப் பெயர் மிகுதி. ஒன்பது வளைவுப் பாலத்தின் அழகும் மெய்யே. ஆயினும் செங்குத்துச் சரிவிலே கட்டப்பட்ட விடுதியில் 'காட்சி நன்று' என்பதற்காகத் தங்குதலை நான் விரும்பேன். விடுதிக்குப் பின்னே மண்ணை வெட்டிய சுவர் நிற்கின்றதா என்று முதலிற் பார்க்கவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையையும் நாள்தோறும் கேட்கவேண்டும். இரவிலே மலைப்பாதையில் பயணம் வேண்டா. 2025 மே 11 அதிகாலையில் கொத்மலைக் கரண்டியெல்லவிற் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து இருபதின்மேற்பட்டோர் மாண்டதை நினைவிற் கொள்க.

குளிர் நாடி மலையேறுதல் நம்மவர் தொடக்கிய வழக்கமன்று. 1819 இல் மருத்துவர் ஜோன் டேவி நுவரெலியாவை அடைந்தார். பின்னர் ஆள்பதி பாண்ஸ் அங்கே மாளிகை எழுப்பினார். காய்ச்சலால் மெலிந்த சாமுவேல் பேக்கர் அங்கு உடல் தேறி, அவ்விடத்தை ஆங்கிலக் கிராமமாகவே ஆக்க முயன்றார். நம் துறைமுகத்துக்கும் இதிற் பங்குண்டு. 1957 இற் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை இங்கிருந்த பிரித்தானிய மாலுமிகள், வெப்பம் தாங்காது தியத்தலாவையிலிருந்த ஓய்வு முகாமுக்கு அனுப்பப்படுவதுண்டு. அவர்களுக்கு மலை ஓய்விடம். அம்மலையைக் காடு திருத்திக் கோப்பியும் தேயிலையும் நட்டவர்களுக்கோ அது ஒருநாளும் ஓய்விடமாயிற்றில்லை.

இனி ஊட்டியைப் பற்றிச் சில சொல்கின்றேன். செலவை ஒருபுறம் வைப்போம். அங்கும் மலை மக்கட்பெருக்கால் மூச்சுத்திணறுகின்றது. சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்திற் செல்வோர் மின்னனுமதி பெறல் வேண்டும் என விதிக்கப்பட்டது. 2025 சித்திரைக் கோடையில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6000 வாகனம், வாரக் கடைசியில் 8000 என எல்லையும் வகுத்தனர். அருகேயுள்ள வயநாட்டில் 2024 ஜூலை 30 இரவில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை மண் விழுங்கியது. அங்கும் மாண்டோருள் தோட்டத் தொழிலாளர் பலர். ஆக, கடலைக் கடந்தாலும் மலையின் இடர் கடக்கப்படுவதில்லை.

இன்னொன்று பலர் அறியாதது. 1964 இல் சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியாரும் செய்த உடன்பாட்டின்படி இங்கிருந்து அனுப்பப்பட்ட மலையக மக்களுக்கு வேலையளிக்கவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968 முதல் உண்டாக்கப்பட்டன. ஊட்டிக்குப் போகும் ஈழத்து மணமக்கள் வழியிலே கொழுந்து கிள்ளும் அம்மையார் ஒருவரிடம் ஊர் கேட்டால், "அட்டன்" என்றோ "பதுளை" என்றோ விடை வரக்கூடும்.

மணமகனின் தாயார் கூறிய மறுப்பு மண்சரிவைப் பற்றியது மட்டுமன்று. "செத்தவீடு நடந்த இடத்துக்கு மாலையும் கழுத்துமாய்ப் போறதோ?" என்று அவர் கேட்டாராம். இது எளிதிற் புறந்தள்ளத்தக்க வினாவன்று. நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். புயலுக்குப் பின் வருவோர் வாராதொழிந்தால் முதலில் வேலை இழப்பவர் விடுதி முதலாளி அல்லர். அறை கூட்டும் பெண், சமையற்கட்டில் நிற்கும் பையன், முச்சக்கரவண்டி ஓட்டுபவர், தெருவோரத்தில் கரட்டும் லீக்ஸும் அடுக்கி விற்பவர், இவர்களே முதலில் இழப்பர். இவர்களுட் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். மழைக்காலத்திற் போகாமலிருப்பது அறிவு. வறண்ட காலத்திலும் துக்கத்தின் பெயரால் ஒதுங்குவது அவர்களுக்கு உதவியாகாது. இவ்வாறே தாயாருக்கும் எழுதியனுப்பினேன். அவர் உடன்பட்டாரா என்பது எனக்கு இன்னும் தெரியாது.

மணமகன் கணித ஆசிரியராகலின் அவருக்கு ஒரு கணக்கும் கொடுத்தேன். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1350 ரூபாயாக்கப்பட்டது. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதனை 1550 ரூபாயாக்கவும், வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபாயை அரசு மேலதிகமாக வழங்கவும் முன்மொழிந்தது. பழைய துரைமார் பங்களாக்கள் பல இன்று விருந்தினர் விடுதிகளாகியுள்ளன. தாம் எண்ணியிருந்த அத்தகைய விடுதியொன்றின் ஓரிரவுக் கட்டணத்தை 1750 ஆல் வகுக்குமாறு சொன்னேன். அவர் கைபேசியில் வகுத்தார். பின்னர் அதனை மேசைமேற் கவிழ்த்து வைத்துவிட்டு, "பண்டாரவளையில் சிறிய இடமாகப் பார்ப்போம் ஐயா" என்றார். நான்கு நாளும் ஒரே இடத்தில் இருங்கள், நாளுக்கோர் ஊர் ஓடாதீர்கள் என்று மட்டும் கூறினேன். இருவர் பேசிக்கொண்டிருக்க ஒரு விறாந்தையும் இரு நாற்காலியும் இருந்தால், ஓய்வுக்கு வேறென்ன வேண்டும்?

வழியைப் பற்றியும் ஒரு சொல். தம்புள்ளையிலிருந்து மாத்தளை வழியே கண்டிக்கு ஏறுங்கள் என்றேன். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டினூடே நடந்து, நோயாலும் பசியாலும் வழியிலேயே பலர் மாள, மலைநாட்டை அடைந்த பழைய வடபாதை அது. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததையொட்டி 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்றும் நிகழ்ந்தது. திரும்பும்போது பதுளையிலிருந்து மகியங்கனை, பொலன்னறுவை வழியாக இறங்கி வந்தால் இரு வழியும் கண்டதாகும்.

அதுவரை வாய் திறவாதிருந்த மணமகள் அப்பொழுதுதான் பேசினாள். அவளுடைய பாட்டி பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவராம். 1977 ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பின் கைக்குழந்தையோடு இம்மாவட்டத்துக்கு வந்து, காடு வெட்டிக் குடிசை போட்டவர். அத்தகைய குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் திருகோணமலையிலும் பல உண்டு. பாட்டி அதன்பின் மலைக்குத் திரும்பியதே இல்லை. "பண்டாரவளையிலிருந்து அந்தத் தோட்டம் தூரமா, ஐயா? லயத்துப் பக்கம் நாங்கள் போனால் அங்கே இருப்பவர்கள் ஒன்றும் நினைக்கமாட்டார்களா?" என்று கேட்டாள்.

மணமகன் அவளைத் திரும்பிப் பார்த்தார். இச்செய்தி அவருக்கும் புதிது என்பது முகத்திலே தெரிந்தது. இத்தனை நேரமும் காற்று, மழை, உயரம், கட்டணம் என்று விரிவுரை நிகழ்த்திய நான், போகுமிடத்தோடு உறவுடையவள் எதிரே அமர்ந்திருப்பதை அறியாமற் பேசியிருக்கின்றேன். லயத்துக்குப் போவதாயின் படப்பெட்டியை உறைக்குள் வைத்துக்கொண்டு, தோட்டத்து மாரியம்மன் கோயிலடியிற் போய்ப் பாட்டியின் பெயரைச் சொல்லுங்கள், மிகுதியை அவர்களே கேட்பார்கள் என்றேன்.

அடுத்த கிழமை மணமகள் தொலைபேசியிற் பேசினாள். பாட்டியிடம் பயணத்தைச் சொல்லியாயிற்றாம். அவர் அழவுமில்லை, வேண்டா என்று தடுக்கவுமில்லையாம். கம்பளிச் சட்டை வாங்கினாயா என்று கேட்டுவிட்டு, "ஓடைப் பக்கம் போனா காய்ஞ்ச காலத்துலயும் அட்டை ஏறும் கண்ணு. சவுக்காரத் துண்டு ஒண்ணு மறக்காம எடுத்துக்க" என்றாராம்.